ஆறேகால் மணி நேரமா, எட்டு மணி நேரமா?

கேள்வி: லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே. 5,540 கி.மீ., ஆறேகால் மணி நேரம் என்கிறது ஓர் இணையதளம். டிக்கெட்டிலோ எட்டு மணி நேரம். திரும்பி வர ஏழு. எது சரி? இறங்கிய ஒன்றரை மணி நேரத்தில் சிகாகோ விமானத்தைப் பிடித்துவிடலாம் என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: டிக்கெட்டை நம்புங்கள். ஏஜென்ட்டை அவ்வளவு சீக்கிரம் நம்ப வேண்டாம்.

இணையதளம் போடுவது வெறும் வகுத்தல் கணக்கு. இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே பூமியின் மேல் மிகக் குறுகிய கோட்டை அளந்து, மணிக்குச் சுமார் 900 கி.மீ. என்று வகுத்துவிடும். தூரம் சரிதான். ஆனால் கேட்டை விட்டு நகர்ந்து, ஓடுபாதைக்கு வரிசையில் காத்து, பறந்து, இறங்கி, ஊர்ந்து போய் மறு கேட்டில் நிற்கும் வரை ஆகும் நேரம்தான் டிக்கெட்டில் இருப்பது. போக எட்டு, வர ஏழு என்பது காற்றின் வேலை. அட்லாண்டிக்கின் மேல் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமாக வீசும். 2020 பிப்ரவரியில் அந்தக் காற்று தள்ளித்தான் ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஐந்து மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தது.

நிறுவனங்களும் அட்டவணையில் கொஞ்சம் கூட்டியே போடுகின்றன. அப்புறம் ‘முன்கூட்டியே வந்துவிட்டோம்’ என்று பெருமையாக அறிவிப்பு வேறு! அமெரிக்க அரசுக் கணக்கில் 15 நிமிடத்துக்குள் பிந்தினால் அது தாமதமே இல்லையாம். அடுத்த விமானத்தைப் பிடிக்க ஓடுகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, ஏஜென்ட்டிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: சிகாகோ வரை ஒரே டிக்கெட்டா? மலிவான இரண்டு டிக்கெட்டுகளை ஒட்டி, ஒரே தாளில் அச்சடித்துத் தருவது சிலருடைய வழக்கம். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது நிறுவனம் ‘நீங்கள் வரவில்லை’ என்று கையை விரித்துவிடும். ஏஜென்ட் போனை எடுக்க மாட்டார். அவர் தந்த தாளை ஓரமாக வைத்துவிட்டு, விமான நிறுவனத்தின் தளத்திலேயே பி.என்.ஆர். போட்டு இரண்டு பயணமும் வருகின்றனவா என்று பாருங்கள்.

ஒரே டிக்கெட் என்றால் பெட்டியை வழியில் தொட வேண்டியதில்லை என்பார்கள். அமெரிக்காவில் அது பெரும்பாலும் செல்லாது. சிகாகோ என்று டேக் ஒட்டியிருந்தாலும், முதலில் இறங்கும் ஊரில் குடிவரவு வரிசையில் நின்று, பெல்ட்டில் பெட்டி வரும்வரை காத்திருந்து எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, மறுபடி ஒப்படைத்து, மறுபடி பாதுகாப்புச் சோதனைக்கு நிற்க வேண்டும். டேக் இருக்கிறதே என்று பெட்டியை விட்டுவிட்டு நடந்தால் அது அங்கேயே நிற்கும். இத்தனைக்கும் ஒன்றரை மணி நேரமா? மூன்று மணி நேர இடைவெளி கேளுங்கள்.

சிகாகோ விமானம் எந்த நிலையத்திலிருந்து கிளம்புகிறது என்றும் பார்த்துவிடுங்கள். நியூயார்க் என்றுதான் பெரிதாகப் போட்டிருக்கும். கீழே சின்ன எழுத்தில் நியூயார்க்கின் இன்னொரு விமான நிலையமான லாகார்டியா என்றிருந்தால், பெட்டியோடு ஊருக்குள் டாக்ஸி பிடிக்க வேண்டும். அந்த டிக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள்.