ரெப்போ குறைந்த பிறகும் பத்திரங்களின் யீல்டு ஏறியது ஏன்?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 5.5 சதவீதமாகக் குறைத்தது. அதன் பிறகு, முதிர்ந்த என் வைப்புத் தொகையைப் புதுப்பிக்கப் போனபோது வட்டி குறைந்துவிட்டது என்றார்கள். ஆனால் அடுத்த இரண்டு மாதங்களில் அரசுக் கடன் பத்திரங்களின் யீல்டு உயர்ந்ததாகச் செய்தித்தாளில் படித்தேன். ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறுவது எப்படி?
– வாசகர், வடசேரி, நாகர்கோவில்

பதில்: ஐயா, யீல்டு என்றால் என்ன என்பதை நம் மாவட்டத்துப் பழைய வழக்கமான ஒற்றியைக் கொண்டே விளக்கலாம். ஒருவர் 1 லட்சம் ரூபாய் கொடுத்து ஒரு தென்னந்தோப்பைப் பத்தாண்டுகளுக்கு ஒற்றிக்கு எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோப்பு ஆண்டுக்கு 7,000 ரூபாய் தருகிறது. பத்தாண்டு முடிந்ததும் அவருடைய 1 லட்சம் திரும்பக் கிடைக்கும். அவர் ஒற்றி எடுத்த சில நாட்களிலேயே, அதே 1 லட்சத்துக்கு ஆண்டுக்கு 8,000 ரூபாய் தரும் தோப்புகள் ஒற்றிக்கு வரத் தொடங்குகின்றன. இப்போது அவசரத் தேவைக்காக அவர் தம் ஒற்றியை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க நினைத்தால், யாரும் முழு 1 லட்சம் தரமாட்டார்கள். ஏறத்தாழ 93,000 ரூபாய்தான் கிடைக்கும். தோப்பின் வருமானம் மாறவில்லை, விலைதான் இறங்கியது. குறைந்த விலைக்கு வாங்கியவருக்கோ, ஆண்டுதோறும் வரும் 7,000 ரூபாயோடு, முடிவில் முழு 1 லட்சமாகத் திரும்பும்போது கிடைக்கும் லாபத்தையும் சேர்த்தால், தாம் போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 8 சதவீத வருவாய் கணக்காகிறது. அந்த 8 சதவீதமே யீல்டு. பத்திரத்தின் விலை இறங்கினால் யீல்டு ஏறும், விலை ஏறினால் யீல்டு இறங்கும் என்பதன் பொருள் இவ்வளவுதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரெப்போ என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் குறுகிய காலக் கடனின் வட்டி. அதை ஆறு பேர் கொண்ட நிதிக் கொள்கைக் குழு முடிவு செய்கிறது. பத்தாண்டுப் பத்திரத்தின் யீல்டை எந்தக் குழுவும் முடிவு செய்வதில்லை. வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதி, வெளிநாட்டு முதலீட்டாளர்கள் ஆகியோர் அடுத்த பத்தாண்டுகளில் விலைவாசி எப்படி இருக்கும், அரசு எவ்வளவு கடன் வாங்கும் என்று கணித்துக் கொடுக்கும் விலையிலிருந்து அது பிறக்கிறது. 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரெப்போ 6.5 சதவீதத்திலிருந்து 5.5 சதவீதமாக இறங்கியது. ஜூன் கூட்டத்திலேயே, இனிமேல் குறைக்க அதிக இடமில்லை என்பதை ரிசர்வ் வங்கி உணர்த்தி, தன் நிலைப்பாட்டையும் நடுநிலைக்கு மாற்றிக்கொண்டது. ஆகஸ்ட் 15 அன்று ஜி.எஸ்.டி. குறைப்பு அறிவிக்கப்பட்டபோது, வரி வருவாய் குறைந்தால் அரசின் கடன் கூடுமோ என்ற கவலை சந்தையில் எழுந்தது. மாநிலங்களின் கடன் பத்திரங்களும் நிறைய வந்துகொண்டிருந்தன. பத்திரங்கள் பெருகி, வாங்குவோரின் ஆர்வம் குறைந்தால் விலை இறங்கத்தானே செய்யும்? அந்த ஆகஸ்ட் இறுதியில் பத்தாண்டுப் பத்திரத்தின் யீல்டு 6.6 சதவீதத்தை நெருங்கியது.

வட்டி குறைந்ததில் உங்களுக்கு உள்ள வருத்தம் எனக்குப் புரிகிறது. வைப்புத் தொகையின் வட்டியை நம்பி மாதத்தை ஓட்டும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். ஆயினும் வட்டியை விலைவாசியோடு சேர்த்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 2022 ஏப்ரலில் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவீதம், அப்போது பெரிய வங்கிகள் தந்த வட்டி 5 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. அதாவது வட்டியைச் சேர்த்த பிறகும் பணத்தின் வாங்கும் சக்தி தேய்ந்துகொண்டிருந்தது. 2025 ஜூனில் பணவீக்கம் 2.1 சதவீதம் மட்டுமே. குறைந்த வட்டி என்று உங்களுக்குத் தோன்றிய காலத்தில்தான் உங்கள் சேமிப்பு உண்மையில் வளர்ந்தது.

கேள்வி: கருங்கல் அருகே சிறிய முந்திரி ஆலை நடத்துகிறேன். அமெரிக்கப் பத்திரங்களின் யீல்டு ஏறினால் எனக்கென்ன?
– வாசகர், கருங்கல்

பதில்: நம் பக்கத்து மக்கள் அண்டி ஆபீஸ் என்று அழைக்கும் இந்த ஆலைகளுக்கு ஐவரி கோஸ்ட் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் கொட்டை வருகிறது, அதற்கான விலை டாலரில். 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த தன் வட்டியை அமெரிக்க மத்திய வங்கி வேகமாக உயர்த்தத் தொடங்கியது. உலகிலேயே மிகப் பாதுகாப்பானதாகக் கருதப்படும் பத்திரத்துக்கு நல்ல வருவாய் கிடைக்கும்போது, மற்ற நாடுகளில் இருக்கும் முதலீடு அங்கே திரும்புவது இயல்பு. அந்த ஆண்டின் தொடக்கத்தில் 75 ரூபாய்க்கு அருகில் இருந்த டாலரின் மதிப்பு அக்டோபரில் 83 ரூபாயைத் தொட்டது. அதே கொட்டைக்கு நீங்கள் கூடுதல் ரூபாய் கொடுக்க நேர்ந்தது. அதற்காக வாங்கும் நடைமுறை மூலதனக் கடன் பெருகியது. அந்தக் கடனின் வட்டியும், 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக ஏறியதால் கூடியது. பருப்பை ஏற்றுமதி செய்பவருக்கு டாலர் வரவால் ஓரளவு ஈடாகும். உள்ளூர்ச் சந்தையை மட்டும் நம்பியவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆலையில் தோல் உரிக்கும் பெண்களுக்கு எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்பது வரை இதன் தாக்கம் வந்து சேர்கிறது என்பதால்தான், வாஷிங்டனில் எடுக்கப்படும் முடிவை நாம் இங்கே கவனிக்க வேண்டியிருக்கிறது.

முப்பந்தல் காற்றாலைகளின் கணக்கும் இதைப் போன்றதே. காற்றுக்கு விலை இல்லை. காற்றாலையை நிறுவும் செலவு முழுவதும் முதலிலேயே, பெரும்பாலும் நீண்ட காலக் கடனாக வருகிறது. ஆகவே பத்தாண்டு, பதினைந்தாண்டுக் கடனின் வட்டி அரை சதவீதம் மாறினாலும் மின்சாரத்தின் அடக்க விலை மாறிவிடும். குறுகிய கால ரெப்போவைவிட நீண்ட கால யீல்டுதான் இத்தகைய முதலீடுகளுக்கு முக்கியம்.

கேள்வி: நீண்ட காலப் பத்திரத்தின் யீல்டு குறுகிய காலப் பத்திரத்தைவிடக் குறைந்தால் பொருளாதார மந்தம் வருமா?
– கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

பதில்: வருவதற்கு வாய்ப்பு உண்டு, உறுதியில்லை. அமெரிக்காவில் 2006-07ல் அப்படி நேர்ந்தது. 2007 டிசம்பரில் மந்தம் தொடங்கியது. ஆனால் 2022 ஜூலை முதல் 2024 செப்டம்பர் தொடக்கம் வரை, இரண்டாண்டுகளுக்கும் மேலாக இரண்டாண்டுப் பத்திரத்தின் யீல்டு பத்தாண்டுப் பத்திரத்தைவிட உயர்ந்தே இருந்தும் அந்தக் காலத்தில் மந்தம் வரவில்லை. எதிர்காலத்தில் வட்டி குறையும் என்று சந்தை கருதுகிறது என்பதே இந்த அறிகுறியின் நேரடிப் பொருள். பொருளாதாரம் தளர்வதாலும் வட்டி குறையலாம், பணவீக்கம் அடங்குவதாலும் குறையலாம். எது காரணம் என்பதை வேலைவாய்ப்பு, உற்பத்தி, கடன் வளர்ச்சி ஆகியவற்றைப் பார்த்தே அறிய வேண்டும்.

கேள்வி: தனிநபர் அரசுப் பத்திரத்தை நேரடியாக வாங்க முடியுமா?
– வாசகர், தக்கலை

பதில்: முடியும். 2021 நவம்பர் 12 அன்று ரிசர்வ் வங்கி தொடங்கிய ரீட்டெய்ல் டைரக்ட் திட்டத்தில் இணையம் வழியாகக் கட்டணமின்றிக் கணக்குத் தொடங்கி, குறைந்தது 10,000 ரூபாய்க்கு வாங்கலாம். வட்டி பொதுவாக ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வரும். முதிர்வு வரை வைத்திருந்தால் முகமதிப்பு முழுமையாகத் திரும்பக் கிடைக்கும். இடையில் விற்றால் மேலே சொன்ன ஒற்றிக்காரரின் நிலைதான். எனவே மகளின் திருமணத்துக்கு மூன்றாண்டில் தேவைப்படும் பணத்தை முப்பதாண்டுப் பத்திரத்தில் போடாதீர்கள்.