கேளுங்கள், சொல்கிறேன்: கிராண்ட் கடைசியாகத் தங்கிய வீடு

கேள்வி: ஆல்பனி பக்கத்தில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். அமெரிக்க அதிபர்கள், உள்நாட்டுப் போர் சம்பந்தமாக ஏதாவது பார்க்க ஆசை. ஆனால் கணவருக்கு முழங்கால் வலி, பெரிய மியூசியம் என்றால் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார். சின்னதாக ஒன்று சொல்லுங்களேன். (கும்பகோணம் வாசகி)

பதில்: யோசிக்கவே வேண்டாம், கிராண்ட் காட்டேஜ் போங்கள். நியூயார்க் மாநிலத்தில் சரடோகா ஸ்பிரிங்ஸைத் தாண்டி வில்டன் என்ற ஊரில், மவுன்ட் மெக்ரெகர் என்ற மலைமேல் இருக்கிறது. வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போரில் வடக்கின் படைகளுக்குத் தலைமை தாங்கி ஜெயித்தவர், அப்புறம் 1869-லிருந்து 1877 வரை அதிபராக இருந்தவர் யுலிசஸ் கிராண்ட். தொண்டைப் புற்றுநோயோடு 1885 ஜூன் 16 அன்று இங்கே வந்தார், ஜூலை 23 காலையில் இறந்தார். ஒரு சாதாரண மர வீடுதான், அதனால் நடை அதிகம் இருக்காது. குளிர்காலத்தில் மூடியிருக்கும், நேரத்தையும் படிக்கட்டு விவரத்தையும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அங்கே அப்படி என்னதான் இருக்கிறது? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: அவர் இருந்தபோது இருந்த பொருட்கள் பலவும் அப்படியே இருக்கின்றன, அதுதான் விசேஷம். வேறு மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சீட்டோடு பார்க்கிற பொருளை இங்கே அது பயன்பட்ட அறையிலேயே பார்க்கலாம்.

முதலில் அந்த இரண்டு தோல் நாற்காலிகளைப் பாருங்கள். ஒன்றுக்கொன்று எதிராகப் போட்டிருக்கும். படுத்தால் மூச்சு அடைக்கும் என்பதால் ஒன்றில் சாய்ந்து, மற்றதில் காலை நீட்டி, இரவெல்லாம் உட்கார்ந்தபடிதான் தூங்கினார். லட்சக்கணக்கான வீரர்களை நடத்திய மனிதருக்குக் கடைசியில் படுக்கைகூட இல்லை என்பது எந்தப் புத்தகத்தில் படித்தாலும் இவ்வளவு உறைக்காது. கடைசி இரவில்தான் கட்டிலுக்கு மாற்றினார்கள், அந்தக் கட்டிலும் இருக்கிறது. கணப்பு அடுப்புக்கு மேல் உள்ள கடிகாரம் 8 மணி 8 நிமிடத்தில் நிற்கிறது, உயிர் பிரிந்ததும் மூத்த மகன் ஃபிரெட் கையாலேயே நிறுத்தியது.

அப்புறம் பூக்கள். இறுதிச் சடங்குக்கு வந்த மலர் அலங்காரங்கள் 1885-லிருந்து இன்றுவரை அதே வீட்டில் இருக்கின்றன. உலர்ந்தாலும் உருவம் கெடாத பூவகை, நிறம் மட்டும் மங்கிவிட்டது. சொர்க்கத்தின் கதவு சற்றே திறந்திருப்பது போலச் செய்த பெரிய அலங்காரம், கலிஃபோர்னியாவில் பல்கலைக்கழகம் நிறுவிய லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட் குடும்பம் அனுப்பியது. புதுப்பூ வைத்து அழகுபடுத்தலாமே என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன், அந்த மங்கல்தான் அதன் மதிப்பு.

கேள்வி: கொக்கைன் பாட்டில் வைத்திருக்கிறார்களாமே, நிஜமா? (சேலம் வாசகர்)

பதில்: நிஜம்தான், அடியில் மிச்சம்கூட இருக்கிறது. அப்போது அது மருந்து. 1884-ல்தான் கார்ல் கொல்லர் என்ற மருத்துவர், கண் அறுவை சிகிச்சையில் வலி தெரியாமலிருக்க அதைப் பயன்படுத்தலாம் என்று காட்டியிருந்தார். மறு வருஷமே கிராண்டின் தொண்டையில் அதைத் தண்ணீரில் கரைத்துத் தடவினார்கள். பேச்சு போன பிறகு துண்டுக் காகிதங்களில் பென்சிலால் எழுதித்தான் டாக்டரிடமும் வீட்டாரிடமும் பேசினார்.

கேள்வி: போர்வாள், பதக்கம் எல்லாம் இருக்குமா? என் பையனுக்கு அதுதான் வேண்டும். (மதுரை வாசகர்)

பதில்: முக்கியமானவை அங்கே இல்லை, அதற்கொரு வேதனையான காரணம் உண்டு. ஃபெர்டினாண்ட் வார்ட் என்ற கூட்டாளி மோசடி செய்ததில் 1884 மே மாதம் 'கிராண்ட் அண்டு வார்ட்' என்ற அவர்களுடைய முதலீட்டு நிறுவனம் கவிழ்ந்தது. அதற்குச் சற்று முன்புதான் வார்ட் பேச்சை நம்பி, வில்லியம் வாண்டர்பில்ட் என்ற கோடீஸ்வரரிடம் 1,50,000 டாலர் கடன் வாங்கியிருந்தார் கிராண்ட். அந்தக் கடனுக்காகத் தன் வாள்கள், பதக்கங்கள், வெளிநாடுகளில் கிடைத்த பரிசுகள் அத்தனையும் கொடுத்துவிட்டார். வாண்டர்பில்ட் திருப்பித் தர முன்வந்தும் வாங்கவில்லை. கடைசியில் அவை தேசத்தின் சொத்தாகி, வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் என்ற தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பையனை அங்கே கூட்டிப்போங்கள்.

கேள்வி: அவர் சுயசரிதையை மார்க் ட்வெய்ன்தான் எழுதிக்கொடுத்தார் என்கிறார்களே? (கோவை வாசகி)

பதில்: இல்லை. ட்வெய்ன் பெரிய எழுத்தாளர்தான், ஆனால் இந்தப் புத்தகத்துக்கு வெறும் பதிப்பாளர். எழுதியது கிராண்ட்தான், கையெழுத்துப் பிரதி வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகத்தில் இருக்கிறது. குடும்பத்துக்கு ஒன்றும் மிச்சமில்லாத நிலையில், மனைவி ஜூலியா கஷ்டப்படக் கூடாது என்பதற்காகவே வலியோடு எழுதி, இறப்பதற்குச் சில நாள் முன்னால் முடித்தார். ஜூலியாவுக்கு வந்த முதல் காசோலையே 2,00,000 டாலர். ஆனால் அதிபராக இருந்த எட்டு வருஷத்தைப் பற்றி அதில் அநேகமாக எதுவும் கிடையாது, போரோடு முடிகிறது. கறுப்பின மக்களைத் தாக்கிய கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலை ஒடுக்க 1871-ல் சட்டம் கொண்டுவந்தவர் அதைப் பற்றியும் எழுதியிருக்கலாமே என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு.

கேள்வி: எதிரிகள் யாராவது பார்க்க வந்தார்களா? (தஞ்சை வாசகர்)

பதில்: வந்தார், சைமன் பக்னர். 1862-ல் டோனல்சன் கோட்டையில் கிராண்டிடம் நிபந்தனையில்லாமல் சரணடைந்த தென்தரப்புத் தளபதி. அதற்கும் முன்னால், 1854-ல் கிராண்ட் கையில் காசில்லாமல் நியூயார்க்கில் தவித்தபோது உதவிய நண்பரும் அவர்தான். 1885 ஜூலையில் இதே வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார், அவர் பேச, கிராண்ட் காகிதத்தில் பதில் எழுதினார். போவதற்கு முன் சுயசரிதையில் டோனல்சன் அத்தியாயத்தையாவது படித்துவிட்டுப் போங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.