கடித்த பிறகுதான் புகாரா? பக்கத்து வீட்டு நாய் பற்றிச் சில கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வளர்ப்பு நாய் விவகாரம்தான். இந்தியச் சட்டப்படி பதில் சொல்கிறேன். முதல் கேள்வி பலரும் கேட்டது என்பதால் அதற்கு மட்டும் சற்று விரிவாக.

எதிர்வீட்டு நாய் இதுவரை யாரையும் கடிக்கவில்லை. ஆனால் கேட் திறந்தால் போதும், பாய்ந்து வந்துவிடுகிறது. என் அம்மாவுக்கு 74 வயது. ஸ்டேஷனில் போய்ச் சொன்னால், "கடிச்சா வாங்க, பார்க்கலாம்" என்கிறார்கள்.

அந்தப் பதில் தவறு. 2024 ஜூலை 1 முதல் இ.பி.கோ.வுக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேர வாய்ப்பிருந்தும், அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டைத் தெரிந்தே செய்யாமல் விடுவதும் அலட்சியமாக விடுவதும் குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் எங்கும் இல்லை. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். 74 வயதுக்காரர் மீது பெரிய நாய் பாய்ந்தால் இடுப்பெலும்பு என்னவாகும் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. நீதிமன்ற அனுமதி இல்லாமலே போலீஸ் எஃப்.ஐ.ஆர். போடக்கூடிய குற்றம் இது.

இன்னொரு வழியும் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவோர் குறைவு என்பதுதான் என் வருத்தம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவின்கீழ், ஆபத்தான விலங்கை அடைத்து வைக்கும்படி உரிமையாளருக்கு நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். அந்த அதிகாரம் உள்ள கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். மனுவில் "நாய் மோசம்" என்று எழுதிப் பயனில்லை. எந்தத் தேதி, எத்தனை மணி, கேட் எப்படித் திறந்து கிடந்தது, யார் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். வீடியோ இருந்தால் சேர்த்துக் கொடுங்கள். அதற்கு முன் உரிமையாளருக்கு ஒரு கடிதம் எழுதி, நகலைப் பத்திரப்படுத்துங்கள். அது ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

மாடி வீட்டு நாய் என் 8 வயது மகனின் காலைக் கடித்துவிட்டது. "ஊசிச் செலவைத் தந்துவிடுகிறேன், புகார் வேண்டாம்" என்கிறார் உரிமையாளர்.

முதலில் பிள்ளை. கடிவாயைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவினீர்களா? இல்லையென்றால் இதைப் படித்து முடிப்பதற்குள் கழுவுங்கள். தடுப்பூசி போட்ட வீட்டு நாய்தானே என்று யார் சொன்னாலும் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி உடனடிப் பாதுகாப்பு தரும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் போட வேண்டும். ரேபிஸ் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது.

மருத்துவமனையில் "நாய்க்கடி, இன்னார் வீட்டு நாய்" என்று சொல்லிப் பதியவையுங்கள். பின்னால் வழக்கென்று வந்தால் கைகொடுப்பது அந்தப் பதிவுதான். நாயின் தடுப்பூசி அட்டையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 10 நாள் அந்த நாய் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

செலவுப் பணத்தை வாங்குவதில் தவறில்லை. ஆனால் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய தாளில் இப்போதே கையெழுத்துப் போடாதீர்கள். ஊசிகள் முடியவே ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அதுவரை காயம் எப்படி ஆறுகிறது, பிள்ளை படியிறங்கப் பயப்படுகிறானா என்றெல்லாம் தெரியாது. சிவில் வழக்கில் இழப்பீடு கேட்கும்போது முக்கியமாக எழும் கேள்வி, நாயின் முரட்டுக் குணம் உரிமையாளருக்கு முன்பே தெரியுமா என்பதுதான். யாராவது முன்பு எழுதிக் கொடுத்த புகார்க் கடிதம் இருந்தால், "எனக்குத் தெரியாது" என்று அவர் தப்ப முடியாது.

அடுக்குமாடி அசோசியேஷனில் தீர்மானம் போட்டு, ஒரு மாதத்தில் என் நாயை வெளியேற்றச் சொல்கிறார்கள். ஒருமுறை உறுமியது, அவ்வளவுதான்.

பெரும்பான்மை வாக்கால் வளர்ப்பு நாய்க்குத் தடை போட அசோசியேஷனுக்கு அதிகாரம் இல்லை. லிஃப்டில் ஏறக் கூடாது என்றும் சொல்ல முடியாது. இந்திய விலங்கு நல வாரியத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இதைச் சொல்கிறது. நீங்கள் வாடகைதாரராக இருந்து, ஒப்பந்தத்திலேயே செல்லப்பிராணி கூடாது என்று இருந்தால் அது வேறு கதை.

ஆனாலும் "அவ்வளவுதான்" என்ற சொல் என்னை உறுத்துகிறது. உறுமல் ஓர் எச்சரிக்கை. பொது இடத்தில் நாய் பட்டையோடுதான் வர வேண்டும், பட்டையின் மறுமுனை வலுவான கையில் இருக்க வேண்டும். அதற்காக நாள் முழுக்கக் கட்டிப்போட்டுவிடாதீர்கள். எப்போதும் கட்டியே வைத்து நடமாட விடாமலிருப்பது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றம். அப்படி வளரும் நாய் இன்னும் முரடாகும்.

ராட்வைலர், பிட்புல் வளர்க்கத் தடை உண்டா?

23 இனங்களுக்குத் தடை கோரி மத்திய அரசு 2024 மார்ச்சில் சுற்றறிக்கை அனுப்பியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உள்ளாட்சி விதி தனியாக இருக்கலாம், உங்கள் ஊர் அலுவலகத்தில் கேளுங்கள். 291-ஆவது பிரிவு எந்த இனத்து நாய்க்கும் பொருந்தும்.

பொறுமை போய்விட்டது. விஷம் வைத்துவிடலாமா என்று என் கணவர் பேசுகிறார்.

தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். விலங்கைக் கொன்றால் நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. இன்று நீங்கள் பாதிக்கப்பட்டவர். விஷம் வைத்த மறுநாள் உங்கள் கணவர் குற்றவாளி, அலட்சியமாக இருந்தவர் புகார்தாரர். பாய்ந்து கடிக்க வரும் நாயை அந்த நொடியில் தடியால் தடுப்பது வேறு. திட்டமிட்டுச் சோற்றில் கலந்து வைப்பது வேறு. அந்தச் சோற்றைத் தெருவில் விளையாடும் குழந்தை எடுத்தால்?

என் நாயை வேலைக்காரப் பையன் கூட்டிப்போனபோது அது ஒருவரைக் கடித்தது. பொறுப்பு அவனுக்கா, எனக்கா?

சட்டத்தில் இருக்கும் சொல் "வசம்" என்பதால் பட்டையைப் பிடித்திருந்த அவர்மீதும் புகார் வரலாம். அதனால் நீங்கள் விலகிவிட முடியாது. அடக்க முடியாத நாயை அவர் கையில் கொடுத்து அனுப்பியது நீங்கள். வேலை நேரத்தில் வேலையாள் செய்யும் தவறுக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது சிவில் சட்டத்தின் பழைய விதி. கடிபட்டவரின் மருத்துவச் செலவை நீங்களே முன்வந்து கொடுங்கள், அந்தப் பையனின் சம்பளத்தில் பிடிக்காதீர்கள்.