குறைந்த காசில் கேமிங் கம்ப்யூட்டர்: குமரி மாவட்டத்துக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

நாகர்கோவிலில் நண்பர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் பன்னிரண்டு வருஷமாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கிறேன். எனக்குக் கடை கிடையாது, யாரிடமும் கமிஷன் வாங்குவதும் இல்லை. சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொன்னதும் நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள், ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பாகத்துக்குப் பாகம் விலை போடவில்லை. 2025 கடைசியில் இருந்து ராம் விலை தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது, இன்று எழுதும் விலை அடுத்த வாரம் நிற்காது.

தக்கலை, கல்லூரி மாணவர்: அண்ணே, கையில 45,000 ரூபாய் இருக்கு, மானிட்டர் வீட்ல இருக்கு. ஒரு கடையில ஐ7, 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, லைட் வச்ச கேபினட் எல்லாம் சேர்த்து 24,000-க்கு தாறேங்கான். வேலோரன்ட் கேம் ஆடத்தான். எடுக்கலாமா?

வேண்டாம் தம்பி. அந்த ஐ7 எந்த ஜெனரேஷன் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். இந்த மாதிரி செட்டில் பெரும்பாலும் இருப்பது ஐ7-2600, அது 2011-ல் வந்தது. 4 ஜிபி கார்டு என்பது அனேகமாக ஜிடி 730, 2014-ல் வந்தது, அது வந்த காலத்திலேயே கேம் ஆடுகிறவர்கள் வாங்கிய கார்டு இல்லை. கார்டில் ஜிபி எத்தனை என்பது அதன் வேகத்தைச் சொல்லாது, சிப் எது என்பதுதான் சொல்லும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவை நிறுத்திவிட்டது, விண்டோஸ் 11 அந்தப் பழைய ஐ7-ஐ ஏற்பதில்லை. நீங்கள் ஆட நினைக்கும் வேலோரன்ட் விண்டோஸ் 11-ல் ஓட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். பல வருஷம் பழைய சாமானுக்குப் புது கேபினட்டும் நாலு கலர் ஃபேனும் போட்டு விற்கிறார்கள், அவ்வளவுதான்.

உங்கள் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், முடிந்தால் பாதி அளவுக்கு, கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். பிராசஸருக்கு ஐ3-12100எஃப் போதும், கொஞ்சம் கூட்ட முடிந்தால் ரைசன் 5 5600. முன்னதில் நாலு கோர்தான், ஆனாலும் பழைய ஐ7-ஐ எங்கேயோ விட்டுவிட்டுப் போகும். கார்டுக்கு ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி. 1080பி (ஃபுல் எச்டி) மானிட்டருக்கு அது தாராளம், 132 வாட்தான் இழுக்கும். புதிது எட்டவில்லை என்றால் செகண்ட் ஹேண்டில் பாருங்கள். ராம் எட்டு எட்டாக இரண்டு குச்சி, ஃபைல்களை வைக்க 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று. கேபினட்டில் மிச்சம் பிடியுங்கள், பாகங்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்-ல் மட்டும் பிடிக்காதீர்கள்.

அதையே நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள்: கேபினட்டோடு ஓசியில் வரும் எஸ்எம்பிஎஸ் போதாதா, அதிலும் 450 வாட் என்றுதானே போட்டிருக்கிறது?

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கட்டம் போட்ட ஸ்டிக்கர் இருக்கும், அதில் +12 வோல்ட் என்ற இடத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்று இருந்தால் பன்னிரண்டால் பெருக்கினால் 216 வாட். பிராசஸரும் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டில் இருந்துதான், மேலே பெரிய எழுத்தில் இருக்கும் 450-க்கு ஒரு அர்த்தமும் இல்லை. கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும், ஓசி பெட்டி காலி டப்பா மாதிரி இருக்கும். 80 பிளஸ் என்ற மின்சேமிப்புச் சான்று உள்ள, பெயர் தெரிந்த கம்பெனியின் 500 அல்லது 550 வாட் வாங்குங்கள். கார்டு பழையதாக இருக்கலாம், எஸ்எம்பிஎஸ் மட்டும் புதிதாகவும் பில்லோடும் இருக்க வேண்டும்.

அருமனை: எங்க பக்கம் மழைன்னா கரண்ட் போகும், இடி வேற. யுபிஎஸ் வாங்கணுமா? கேபினட்டைத் தொட்டா லேசா சுர்ருங்குது, அது எதனால?

முதலில் அந்தச் சுர்ரைப் பார்ப்போம், மற்றதெல்லாம் அப்புறம். எஸ்எம்பிஎஸ்-க்குள் இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர்கள் இருக்கின்றன, அவை எர்த்துக்குக் கொஞ்சம் கசியவிடும். எர்த் ஒழுங்காக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் கேபினட் தகட்டில் நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும், உங்கள் விரல் வழியாகப் போகும். அப்படியென்றால் உங்கள் பிளக் பாயிண்டில் எர்த் இல்லை, அல்லது பெயருக்கு இருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள், 230 பக்கம் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போனால் சரியில்லை. மேற்கே பாறை நிலத்தில் குழி ஆழமாகப் போகாமல் எர்த் போட்ட வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், பங்குனி சித்திரையில் மண் காய்ந்ததும் அது வேலை செய்வதில்லை. குழியில் தண்ணீர் ஊற்றுவதை நம் பெரியவர்கள் சும்மா செய்யவில்லை.

இடிக்கு யுபிஎஸ் காப்பு இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஐப்பசி மத்தியானம், வானம் கறுத்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நிம்மதியாகப் போய்ப் படுத்தேன். சாயங்காலம் ஆன் செய்தால் எல்லாம் ஓடுகிறது, இன்டர்நெட் மட்டும் இல்லை. மதர்போர்டில் லேன் போர்ட் கருகிப்போயிருந்தது. வீட்டுக்கு வருவது பைபர், அதில் கரண்ட் ஏறாது என்பது சரிதான். ஆனால் ரௌட்டரின் அடாப்டர் சுவரில்தானே செருகியிருக்கிறது, அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் லேன் ஒயர் செம்பு. அதனால் இடி தொடங்கினால் பவர் ஒயர், லேன் ஒயர் இரண்டையும் கழற்றுங்கள். டிவி கேபிள் ஏதாவது சேர்ந்திருந்தால் அதையும்.

யுபிஎஸ் வாங்குவது கரண்ட் பொசுக்கென்று போகும்போது எஸ்எஸ்டி-யில் பாதி எழுதிய ஃபைல் கெடாமல் இருக்கத்தான், அதில் உட்கார்ந்து ஆடுவதற்கு இல்லை. 600 விஏ என்று போட்ட யுபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட், ஆர்எக்ஸ் 6600 செட்டுக்கும் மானிட்டருக்கும் விளிம்பில் நிற்கும். 1000 அல்லது 1100 விஏ எடுத்தால் கவலை இல்லை.

குளச்சல்: வீட்ல இருந்து பார்த்தா கடல். ரெண்டு வருஷத்துல ஒரு சிஸ்டம் போச்சு. அடுத்ததுக்கு என்ன செய்யணும்?

உப்புக்காற்று முதலில் பிடிப்பது ஸ்க்ரூவை, அப்புறம் செம்பை. முட்டத்தில் ஒரு வீட்டில் திறந்தபோது யுஎஸ்பி போர்ட்டுக்குள் பச்சைக் களிம்பு பூத்திருந்தது, ராமைக் கழற்றினால் அதன் தங்கப் பூச்சு முனைகளில் கறுப்புப் புள்ளி புள்ளியாக இருந்தது. கேபினட் ஜன்னல் பக்கம், அதிலும் கடலைப் பார்த்த ஜன்னல் பக்கம் இருக்கவே கூடாது. உள் அறை இருந்தால் அங்கே வையுங்கள். அப்புறம், மாதக்கணக்கில் ஆஃப் செய்து போடாதீர்கள், தினமும் கொஞ்ச நேரம் ஓடினால் உள்ளே இருக்கும் ஈரம் உலர்ந்துவிடும். தூசியும் உப்பும் சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஆகவே மாதம் ஒருமுறை ஃபில்டரைத் தட்டுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை ராமையும் கார்டையும் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் முனையைத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். பின்னால் காலியாக இருக்கும் ஸ்லாட்டுகளுக்குத் தகடு போடுங்கள், இல்லாவிட்டால் சூட்டுக்குப் பல்லி ஏறி உட்காரும். போர்டில் ஷார்ட் ஆகி அதுவும் செத்து போர்டும் செத்ததைக் கண்ணால் பார்த்தேன்.

மார்த்தாண்டம்: செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கப் போறேன். எப்படி டெஸ்ட் பண்ணணும்?

ஓடுகிற சிஸ்டத்தில் காட்டச் சொல்லுங்கள், டேபிளில் வைத்துக் காட்டினால் திரும்பி வந்துவிடுங்கள். ஒரு பென்டிரைவில் கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-ஸீ, கார்டை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கும் ஃபர்மார்க் இரண்டும் கொண்டு போங்கள். ஜிபியு-ஸீ-யில் கார்டு பெயருக்கு முன்னால் ஃபேக் என்று வந்தால் வேறு பேச்சே வேண்டாம். ஃபர்மார்க்கைக் கால் மணி நேரம் விட்டு, ஃபேன் சத்தத்தைக் காதால் கேளுங்கள், திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா என்று பாருங்கள். ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்று மலிவாகக் கிடைக்கும், அசல் 580-ல் 2304 ஷேடர் (படத்தைக் கணக்கிடும் சின்ன கோர்கள்), இதில் 2048தான். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 எல்லாம் இனி வேண்டாம், அந்த வரிசைக்கு புது கேம்களுக்கான டிரைவரை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. குறைந்தபட்சம் 1650 சூப்பர், 1660 சூப்பர் என்று பாருங்கள்.

திங்கள்நகர்: மாமா கல்ஃப்ல இருந்து வாறாரு, கார்டு வாங்கிட்டு வரச் சொல்லவா?

வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று அந்த கம்பெனியின் இந்திய சர்வீஸிடம் முதலில் கேளுங்கள், பலதுக்குச் செல்லாது. அங்கே கிடைக்கும் விலைக் குறைவு வாரண்டி இல்லாமல் போவதற்கு ஈடாகுமா என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நாகர்கோவில்: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டா, திருவனந்தபுரமா, ஆன்லைனா?

ஜிஎஸ்டி எங்கே வாங்கினாலும் 18 சதவீதம்தான். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி போய் ஒரு ராத்திரி திரும்பி வரும் செலவையும் கணக்கில் சேருங்கள். மொத்த செட்டும் வாங்குவதாக இருந்தால் சென்னை போகலாம், ஒரு ராமுக்காகப் போகாதீர்கள். எங்கே வாங்கினாலும் பில்லில் சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்கள். கம்பெனி டப்பா இல்லாமல் தனியாக விற்கும் டிரே பிராசஸர் என்றால் கம்பெனி வாரண்டி கிடையாது, கடைக்காரர் தருவதுதான். டப்பாவோடு வருவதற்கு மூன்று வருஷம். ஆன்லைனில் வந்தால் பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள்.

குழித்துறை, ஒரு அம்மா: மகன் பன்னிரண்டாம் வகுப்பு. அப்பா 30,000 தான் தருவார். இவன் கேம் கம்ப்யூட்டர் வேண்டும் என்கிறான், படிப்புக்கும் ஆகுமா?

ஆகும் அக்கா. கேம் ஓட்டும் கம்ப்யூட்டரில்தான் நாளைக்கு ஆட்டோகேட், பிளெண்டர் போன்ற டிசைன் சாஃப்ட்வேர்களும் நன்றாக ஓடும், இன்ஜினியரிங் போனால் அதுவே கை கொடுக்கும். இப்போதைக்குத் தனி கார்டு வேண்டாம். ரைசன் 5 5600ஜி வாங்குங்கள், அதற்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, சின்ன கேம்களை அவன் ஆடலாம். ராம் மட்டும் ஒற்றைக் குச்சியாக வாங்காதீர்கள், இந்த பிராசஸர் ராமையே கிராபிக்ஸுக்கும் பயன்படுத்துவதால் இரண்டு குச்சி போட்டால் வேகம் கண்ணுக்குத் தெரியும். நல்ல எஸ்எம்பிஎஸ் இப்போதே போட்டுவிட்டால், பின்னால் பணம் வரும்போது கார்டை மட்டும் செருகினால் போதும். ஒரு குறை உண்டு. 5600-ல் 32 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்), இதில் 16 தான், ஆகவே கார்டு போட்ட பிறகு அதைவிடக் கொஞ்சம் பின்தங்கும். உங்கள் பட்ஜெட்டுக்கு அது பெரிய விஷயம் இல்லை.

இரணியல்: அண்ணே, நேத்து நானே அசெம்பிள் பண்ணினேன், ஐ3-12100எஃப், ஆர்எக்ஸ் 6600. ஃபேன் சுத்துது, லைட் எரியுது, திரையில ஒண்ணும் வரல. போர்டு போச்சா?

போயிருக்காது, பதறாதீர்கள். மானிட்டர் ஒயரை எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? மேலே யுஎஸ்பி போர்ட்டுகளுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தால் அது மதர்போர்டு. எஃப் என்று முடியும் பிராசஸரில் கிராபிக்ஸ் கிடையாது, அங்கே படம் வரவே வராது. கீழே படுக்கைவாட்டில் கார்டின் போர்ட்டுகள் இருக்கும், அதில் மாட்டுங்கள். கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்-ல் இருந்து வரும் 8 பின் ஒயரையும், பிராசஸருக்கு அருகே மூலையில் செருகும் ஒயரையும் க்ளிக் சத்தம் வரும்வரை அழுத்திப் பாருங்கள். அப்புறமும் வரவில்லை என்றால் ஒரு ராமைக் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள், முதல் தடவை ஒரு நிமிஷம் வரை காத்திருங்கள். என்ன ஆயிற்று என்று இன்றைக்கு ராத்திரியே எழுதுங்கள், நான் முழித்துத்தான் இருப்பேன்.