அது 1940 சிடி பர்ரானி இல்லை

தாத்தாவின் ஆல்பத்தில் 'சிடி பர்ரானி, 1940' என்று பென்சிலில் எழுதியிருக்கும் டாங்க் படத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிடி பர்ரானி, இரண்டாம் உலகப் போரில் சண்டை நடந்த எகிப்து ஊர். அந்த வருஷம் பொருந்தாது. நீங்கள் சொல்வதுபோல உடம்பின் வலப்பக்கத்தில் பெரிய பீரங்கியும் மேலே சுழலும் கூண்டில் சின்னதும் இருந்தால், அது அமெரிக்காவில் செய்த கிராண்ட் என்ற டாங்க். வட ஆப்பிரிக்கப் பாலைவனப் போரில் அது முதலில் இறங்கியதே 1942 மே மாதம், லிபியாவின் கசாலாவில். 1940 டிசம்பரில் 4வது இந்திய டிவிஷனோடு சிடி பர்ரானிக்குப் போனவை மட்டில்டா என்ற பிரிட்டிஷ் டாங்குகள். அவற்றுக்கு ஒரே பீரங்கிதான். பாவம், தாத்தா பல வருஷம் கழித்து எழுதியிருப்பார்.

அப்புறம், படத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஆங்கில 'ஈ' எழுத்தோடு ஓர் எண் இருந்தால், பிரிட்டிஷ் ராணுவப் படப்பிரிவு எடுத்ததாக இருக்கலாம். லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் அதே எண்ணைத் தேடுங்கள். ஒட்டியிருந்தால் மட்டும் பிய்க்காதீர்கள்.