கண் திருப்பினால் காதில் சத்தம்: எந்த ஸ்கேனை நம்புவது?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. ஒரு வருடமாகக் குக்கர் விசில் அடித்தாலே தலை சுற்றுகிறது என்கிறார். கண்ணை இடமும் வலமும் திருப்பினால் உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி வலது காதுக்குள் கேட்கிறதாம். முதலில் எடுத்த சி.டி. ஸ்கேனில் ‘உட்செவியின் மேல் அரைவட்டக் குழாயில் எலும்புத் துளை’ என்று ரிப்போர்ட். இன்னொரு சென்டரில் எடுத்தால், ‘எலும்பு மெலிந்திருக்கிறது, துளை இல்லை’ என்கிறார்கள். எது சரி? ஆபரேஷன் தேவையா?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் உங்கள் கணவர் சொல்வதை நம்புங்கள், அது பிரமை இல்லை. அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் லாயிட் மைனரும் அவருடைய குழுவினரும் 1998இல் இந்த நோயை விவரித்து எழுதினார்கள். அதற்கு முன்னால் இப்படிச் சொன்னவர்களை மனநல மருத்துவரிடம் அனுப்பியதும் உண்டு. என்னிடம் வந்த ஒருவரின் கணுக்கால் எலும்பில் இசைக்கவையைத் தட்டி வைத்தேன், அவர் சட்டென்று இடது காதைப் பொத்திக்கொண்டார். காலில் வைத்தது காதில் கேட்டிருக்கிறது! உட்செவிக்கு இருக்க வேண்டியது இரண்டு ஜன்னல்கள், அதாவது திறப்புகள்தான். மூளைக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கும் எலும்பு இல்லாமல் போனால் அது மூன்றாவது ஜன்னலாகிவிடும், உடம்புக்குள் எழும் சத்தமெல்லாம் உள்ளே பெரிதாகக் கேட்கும்.

சரி, இரண்டு ரிப்போர்ட் ஏன்? ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டுப் பால் விட்டால் தெரியாது, அதே சொட்டை ஒரு ஸ்பூன் தண்ணீரில் விட்டால் வெளுத்துவிடும். ஸ்கேனில் ஒரு ஸ்லைஸ் 1 மி.மீ. தடிமன், எலும்போ 0.2 மி.மீ. என்றால், அந்த எலும்பின் வெண்மை பக்கத்திலிருக்கும் திரவத்தோடும் மூளையோடும் கலந்து சராசரியாகி, இருக்கிற எலும்பே இல்லாதது போலத் தெரியும். போதாததற்கு, வழக்கமான கிடைமட்ட ஸ்லைஸ், குழாயின் கூரையான அந்த எலும்புக்கு இணையாகவே போகிறது. அதனால்தான் 0.6 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய ஸ்லைஸாக எடுத்து, வளையல் மாதிரி வளைந்த அந்தக் குழாயின் போக்கிலேயே ஒரு தளத்திலும், அதற்குக் குறுக்கே இன்னொரு தளத்திலும் படத்தைத் திருப்பி அமைத்துப் பார்க்க வேண்டும். பெஷல், ஸ்டென்வர்ஸ் தளங்கள் என்று ரேடியாலஜிஸ்ட்டுகள் சொல்வது இவற்றைத்தான். இதற்காக மறுபடி கதிர்வீச்சு வாங்க வேண்டாம். மெல்லிய ஸ்லைஸாக எடுத்த தரவு சென்டரில் இருந்தால் கம்ப்யூட்டரிலேயே செய்துவிடலாம், ஆனால் பழைய தரவைச் சில சென்டர்களில் அழித்துவிடுவார்கள், ஆகவே ஃபிலிமோடு நிற்காமல் டிஸ்க்கையும் சீக்கிரம் கேட்டு வாங்குங்கள்.

ரிப்போர்ட்டில் ‘0.3 மி.மீ.’ என்று எண் இருந்தால் அதையும் கறாராக எடுத்துக்கொள்ள வேண்டாம், படத்தின் ஒரு புள்ளியே கிட்டத்தட்ட 0.2 மி.மீ. இருக்கும். இறந்தவர்களின் 1000 காதெலும்புகளை நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வில் முழுத் துளை 5இல் மட்டுமே இருந்தது. இன்னும் 14இல் எலும்பு 0.1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. அந்த அளவு மெலிந்தால் நல்ல ஸ்கேனும் ஏமாறும்.

அதனால் ஸ்கேனை மட்டும் வைத்து ஆபரேஷனுக்குத் தேதி வாங்காதீர்கள். 2021இல் பாரனி சொசைட்டி என்கிற, உட்செவி-தலைசுற்றல் நிபுணர்களின் சர்வதேச அமைப்பு வகுத்த விதிப்படி அறிகுறி, ஸ்கேன், உட்செவிச் சோதனை மூன்றும் ஒத்துவர வேண்டும். கழுத்துத் தசையில் ஒட்டுமுனை வைத்து, காதில் சத்தம் கொடுத்துப் பார்க்கும் ‘வெம்ப்’ சோதனையும் கேள்திறன் சோதனையும் ஈ.என்.டி. மருத்துவர் எழுதித் தருவார். தாங்கமுடியாத தொந்தரவு என்றால் குழாயை அடைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. மண்டையோட்டைத் திறந்தோ காதுக்குப் பின்னாலிருந்தோ செய்வார்கள். அவ்வளவு இல்லாதவர்கள் காதடைப்பான் வைத்துக்கொண்டு, உரத்த சத்தத்தைத் தவிர்த்துச் சமாளிக்கிறார்கள்.

கேள்வி: சி.டி.க்குப் பதில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் கதிர்வீச்சு இல்லையே, அது போதாதா?
வாசகர், சேலம்

பதில்: எலும்பின் தடிமனை அளக்கப் போதாது. எம்.ஆர்.ஐ.யில் குழாய்க்குள் இருக்கும் திரவம் பளிச்சென்று தெரியும், கெட்டி எலும்பு கறுப்பாகத்தான் விழும். நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க அது நல்லது. இன்னொன்று, கைக்குழந்தைகளுக்கு இந்த எலும்பு இயல்பாகவே மெலிந்திருக்கும், மூன்று வயது வரை கனத்துக்கொண்டே வரும். அந்த வயதில் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘மெலிவு’ என்று பார்த்தால் பயந்துவிடாதீர்கள்.