டிரம் ஒன்றுதான், வரி மூன்று விதம்

வாஷிங்டன் மாநிலம் ரிச்லாண்டில் இருந்து ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ஆஸ்பத்திரிகள், ஆய்வுக்கூடங்களில் சேரும் குறைநிலைக் கதிரியக்கக் கழிவை, அதாவது கையுறை, சிரிஞ்சு, துடைத்த துணி போன்றவற்றை, வாங்கி டிரம்மில் அடைத்து, பேப்பர் வேலைகளை முடித்து, ஹான்ஃபோர்டில் உள்ள புதைகுழிக்கு அனுப்பி வைப்பது அவர் தொழில். ஒரு வேலைக்கு 10,000 டாலர் பில் போட்டால் அதில் 6,500 புதைகுழி நடத்துபவருக்கே போய்விடுகிறதாம். அவருடைய ஆடிட்டர் மூன்று வருடமாக முழு 10,000-க்கும் 3.3% வரி கட்ட வைத்திருக்கிறார். "சார், இது சரியா? கட்டியது திரும்பக் கிடைக்குமா?" என்று கேட்கிறார்.

அந்த மாநிலத்தில் கம்பெனி வருமான வரி கிடையாது. பி அண்ட் ஓ (பிசினஸ் அண்ட் ஆக்குபேஷன், அதாவது தொழில்) வரி என்று ஒன்று உண்டு, அது லாபத்தின் மேல் அல்ல, மொத்த வரவின் மேல். நஷ்டத்தில் ஓடினாலும் கட்டியாக வேண்டும், செலவைக் கழிக்க முடியாது. விகிதம் மட்டும் தொழிலுக்குத் தொழில் மாறும்.

உங்கள் ஆடிட்டர் பிடித்துக்கொண்ட 3.3% சட்டத்தில் இருக்கிறது, அவர் கற்பனை செய்யவில்லை. ஆனால் அங்கே இருக்கும் வாசகம் குறைநிலைக் கழிவை "அகற்றும் தொழில்" செய்பவர் என்பது. ரிச்லாண்டுக்குப் பக்கத்தில் 1965 முதல் குழி வெட்டிப் புதைத்து வரும் நிறுவனம் அதற்குள் வரும், சந்தேகமே இல்லை. நீங்கள் புதைக்கவில்லை, அடைத்து அனுப்புகிறீர்கள். என் வாசிப்பில் உங்கள் வேலை சாதாரண சேவைப் பிரிவு, முந்தைய வருட வரவு 10 லட்சம் டாலருக்குக் கீழே என்றால் 1.5%. அதாவது 330 டாலர் கட்டிய இடத்தில் 150. வருவாய்த்துறை வேறு மாதிரி வாசிக்கலாம் என்பதால் விவரத்தை முழுதாக எழுதி அவர்களிடமே எழுத்துமூலப் பதில் வாங்கிவிடுங்கள், போனில் யாரோ சொன்னது தணிக்கையின்போது கை கொடுக்காது.

அப்புறம் அந்த 6,500. "என் கையில் தங்கவே இல்லையே" என்ற வாதம் மட்டும் எடுபடாது. மாநிலச் சட்டப்படி விதிக்கும் சில கட்டணங்களைக் கழிக்கலாம் என்பது அந்த 3.3% பிரிவில் இருப்பவருக்கு. புதைகுழிக்காரர் வாங்கும் கூலி அந்தக் கணக்கிலும் வராது. உங்களுக்கு இருக்கும் ஒரே வழி, நீங்கள் வாடிக்கையாளரின் ஏஜென்ட்டாக மட்டும் அந்தப் பணத்தைக் கட்டினீர்கள் என்று காட்டுவது. இதற்கு நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஆஸ்பத்திரி பணம் தராமல் கைவிரித்தால் புதைகுழிக்காரர் யார் சட்டையைப் பிடிப்பார்? உங்கள் சட்டை என்றால் கதை முடிந்தது, 10,000-மும் உங்கள் வரவுதான். ஆஸ்பத்திரியின் சட்டை மட்டும்தான் என்று ஒப்பந்தமும் இன்வாய்ஸும் சொன்னால் 3,500-க்கு மட்டும் வரி, 52 டாலர் 50 சென்ட். நீங்கள் அனுப்பிய இன்வாய்ஸில் "டிரம் அகற்றுதல், முழுத் தொகை" என்று ஒரே ஐட்டம்தான் இருக்கிறது. பழைய பில்களுக்கு இந்த வாதம் கஷ்டம். இனிமேலாவது ஒப்பந்தத்தை மாற்றுங்கள், வெறுமனே பில்லில் இரண்டு ஐட்டமாகப் பிரித்துப் போட்டால் போதாது.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. மத்திய அரசின் ஹான்ஃபோர்டு வளாகத்துக்குள் துப்புரவுப் பணியில் சப்-கான்ட்ராக்ட் எடுத்ததாக. அணு ஆயுதத் தயாரிப்பில் மிஞ்சிய கதிரியக்கக் கழிவை அமெரிக்க அரசுக்காகச் சுத்தம் செய்யும் வேலைக்குத் தனிப் பிரிவு உண்டு, விகிதம் 0.471%. அந்த வரவையும் ஆடிட்டர் 3.3%-இலேயே கொட்டியிருந்தால் ஏழு மடங்கு கட்டியிருக்கிறீர்கள். அதே மஞ்சள் டிரம்தான், யாருக்காக என்ன வேலை என்பதை வைத்து வரி மாறுகிறது. ஆஸ்பத்திரி டிரம்மை இதற்குள் நுழைக்கப் பார்க்காதீர்கள், மாட்டிக்கொள்வீர்கள்.

ரீஃபண்ட் கேட்க, வரி கட்டிய ஆண்டு முடிந்ததில் இருந்து நான்கு ஆண்டுகள் அவகாசம். உங்கள் மூன்று வருடமும் உள்ளேதான் இருக்கிறது. ஆனால் விண்ணப்பித்தால் அவர்கள் உங்கள் கணக்கு முழுவதையும் புரட்டுவார்கள், சொந்த லாரியில் ஏற்றிப் போன வாடகை உட்பட. அதற்கு வேறு வரி. அதனால் முதலில் வரவை ஆஸ்பத்திரி வேலை, ஹான்ஃபோர்டு துப்புரவு, லாரி வாடகை என்று மூன்றாகப் பிரித்து, ஒப்பந்தங்களோடு எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு அப்புறம் விண்ணப்பம் போடலாம்.